பன்னிரண்டு நிமிட மூச்சு

வந்தவன் வாசலில் நின்று பேரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், பார்க்கும் வேலையைச் சொன்னான். ஞானப்பூ எதையும் காதில் வாங்கவில்லை. அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சின் நடுவே அது நின்றது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தான்.

"உள்ள வாங்க தம்பி" என்றாள். "முதல்லருந்து சொல்லுங்க."

பேர் கொம்பையா. வயது முப்பது. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பஸ் ஓட்டுகிறவன். ஓட்டிக்கொண்டிருந்தவன் என்று தானே திருத்திக்கொண்டான். ஏழாம் மாதத்தில் பிறந்தவன். ஞானப்பூ நர்ஸாக இருந்த வார்டில் நாற்பத்தாறு நாள் இருந்திருக்கிறான். அவளுக்கு இவன் முகம் நினைவில்லை. அந்த வார்டில் முகங்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், பாதி முகத்தைக் குழாய் மறைத்திருக்கும்.

"போன வருசம் எல்லா பஸ்ஸுலயும் புது சீட் வந்துச்சு சிஸ்டர்" என்றான். "டிரைவர் தூங்குதானான்னு பாக்கதுக்கு. முதுகுப் பக்கம் ஒரு பட்டை இருக்கும். பத்து வினாடி மூச்சு வரலன்னா, ஆளு தூங்கிட்டான், இல்ல போய்ச் சேந்துட்டான்னு முடிவு பண்ணி, வண்டியத் தானா ஓரங்கட்டிரும்."

"உங்களுக்கு நிக்கும்."

"நிக்கும். நான் முழிச்சுதான் இருப்பேன். கண்ணு ரோட்டுலதான் இருக்கும். மூச்சு மட்டும் நிக்கும். முதல் நாளு வல்லநாடு போகதுக்குள்ள ஏழு தடவ வண்டி ஓரங்கட்டிருச்சு. மூணாவது தடவ பின்னாலருந்து ஒரு பெரியவரு கேக்காரு, 'என்ன டிரைவரே, பஸ்ஸுக்கு இழுப்பா?'ன்னு."

ஞானப்பூ சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான்.

"ஏழாவது தடவ எல்லாரும் இறங்கி வேற பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. ஒரே ஒரு அம்மா மட்டும் உக்காந்திருந்தா. 'பைய மூச்சு வாங்கிக்கிடுய்யா, எனக்கு அவசரம் இல்ல'ன்னா. அதுக்குத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். வேலை போன பிறகு, வீட்டில் சும்மா இருந்த நாட்களில், மூச்சு நிற்கும் நேரத்தை எண்ணிப் பார்த்திருக்கிறான்.

"ஒழுங்கா வருது சிஸ்டர். முதல்ல ஒம்பது வினாடி. மூணு நிமிசம் கழிச்சு பதினாலு. அப்புறம் பதினொண்ணு. அப்புறம்..."

"பதினேழு" என்றாள் ஞானப்பூ. "அதுக்கப்புறம் திரும்பவும் ஒம்பது."

அவன் தாளை மடித்தான். அதைப் பையில் வைப்பதற்குள் அவன் மூச்சு ஒருமுறை நின்று வந்தது.

---

கொம்பையா தனி ஆள் இல்லை. இதே கணக்கில் மூச்சு நிற்கிறவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேர் இருப்பதைச் சுகாதாரத் துறை கண்டுபிடித்திருந்தது. எல்லாரும் குறைமாதத்தில் பிறந்தவர்கள். எல்லாரும் ஒரே விதமான கருவியில், ஒரே மூச்சுப் பதிவில் வளர்ந்தவர்கள். பதிவின் பேர் பி-ஒன்று. மூச்சைக் கொடுத்தவர் பேர் அதில் இல்லை. கொம்பையாதான் ஓய்வுபெற்ற நர்ஸுகள் சங்கத்தில் ஒவ்வொருவராகக் கேட்டு இங்கே வந்து சேர்ந்தான்.

"எனக்கு ஒண்ணும் விளங்கல சிஸ்டர். மெஷின்ல வளந்தா மூச்சு எப்படி இன்னொருத்தர் மூச்சாட்டம் ஆகும்?"

"உங்க நுரையீரல்ல ஒரு குறையும் கிடையாது" என்றாள் ஞானப்பூ. "குறைமாசப் பிள்ளைக்கு மூச்சுவிடத் தெரியும். மறந்துபோகும். மூளை இன்னும் அதைப் படிச்சு முடிக்கல. விட்டுக்கிட்டே இருக்கும், திடீர்னு மறந்துரும். அதுக்குத்தான் காபி குடுப்போம்."

"காபியா?"

"காபில இருக்குற அதே சரக்குதான். காஃபின். மருந்தா வரும், தெனம் ஒரு வேளை. அது உள்ள போயி மூளையத் தட்டிக்கிட்டே இருக்கும், விடு, விடுன்னு."

"அதான் காலையில காபி இல்லன்னா எனக்கு வண்டி நகரமாட்டேங்குதாக்கும்."

"அது உங்க வீட்டம்மா பழக்கினது. எங்க தலையில போடாதீங்க."

அவன் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்தான். அவள் தொடர்ந்தாள்.

"காபியோட மூக்குல காத்துக் குழாய். மெதுவா ஊதிக்கிட்டே இருக்கும், நுரையீரல் சுருங்கிரக் கூடாதுன்னு. அதுலதான் புதுசா ஒண்ணு கொண்டாந்தாங்க. காத்து ஒரே சீரா வராது. ஒரு ஆளு மூச்சுவிடுதாப்புல ஏறி இறங்கி வரும். பக்கத்துல ஒருத்தர் மூச்சு விட்டுக்கிட்டே இருந்தா, பிள்ளைக்குத் தன் மூச்சு மறக்காது. பாதிக்குப் பாதி நிக்கிறது குறைஞ்சுபோச்சு. அம்மாமாரு மூச்சத்தான் எடுக்கணும்னாங்க. ஆனா அந்தத் தாய்மாருங்க பாதிப் பேரு வலிப்பு, ரத்தக் கொதிப்புன்னு நினைவில்லாம கிடப்பாங்க. அதனால நல்ல ஆரோக்கியமான ஆளு ஒருத்தர் மூச்ச எடுத்து வச்சுக்கிட்டா எல்லாருக்கும் ஆகும்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு. மாடிப்படி ஏறுனா இளைக்காது."

"அந்த ஆளுக்கும் இப்படி நிக்குமா?"

"எனக்கா? எனக்கு நின்னதே இல்ல."

கொம்பையா அவளைப் பார்த்தான். கேள்வி முகத்தில் இருந்தது. ஞானப்பூ எழுந்து போய் அடுப்பில் பால் வைத்தாள்.

---

அந்த வார்டு இப்போது இல்லை. கட்டடம் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளை இப்போது நீர்ப்பையில் வைக்கிறார்கள். தொப்புள்கொடியைக் குழாயோடு சேர்த்துவிட்டால் நாள் நிறையும்வரை உள்ளேயே மிதக்கும். மூச்சுவிட வேண்டிய அவசியம் இல்லை. காபியும் இல்லை. ஓய்வுபெற்றவர்களை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டினார்கள். வரிசையாகப் பைகள், மெல்லிய சிவப்பு வெளிச்சம். ஒரு சத்தம் கிடையாது. ஞானப்பூவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. கால் வலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள்.

அவளுடைய வார்டில் சத்தம்தான் எல்லாம். ஒவ்வொரு குழந்தையின் குழாயும் ஒரு பாட்டில் தண்ணீருக்குள் முடியும். பதினாலு பாட்டிலிலும் குமிழி வந்துகொண்டே இருக்கும். உலை கொதிக்கிற மாதிரி. குமிழி நின்றால் குழாய் கழன்றுவிட்டது என்று அர்த்தம். காலையில் வந்ததும் மூத்த நர்ஸ் ரெத்தினபாய் கேட்கிற முதல் கேள்வி, "பிள்ளைகளுக்குக் காபி ஆச்சா?" என்பதுதான். ஆச்சு என்றால், "அவங்க குடிச்சாச்சு, இனி நாம எப்பக் குடிக்க" என்பாள். பெரும்பாலான நாள் குடித்ததில்லை.

அந்த வார்டில் ஒரு பழக்கம் இருந்தது. யார் தொடங்கியது என்று தெரியாது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாதது. குழந்தைக்கு மூச்சு நின்றால், பார்த்துக்கொண்டிருக்கும் நர்ஸும் தன் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். திரையில் ஆக்சிஜன் எண் இறங்கி மணி அடிப்பது எப்போதும் தாமதமாகத்தான். கடிகாரத்தைப் பார்த்தால் குழந்தையைப் பார்க்க முடியாது. மூச்சைப் பிடித்தால் இரண்டும் நடக்கும். தன் நெஞ்சு எப்போது முட்டுகிறதோ அப்போது உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு. குழந்தை திடுக்கிட்டு இழுக்கும். நர்ஸும் இழுப்பாள். புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இரண்டு வாரத்தில் தானாக வந்துவிடும். பிறகு வீட்டில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

பால் பொங்கியது. அவள் அடுப்பை அணைத்தாள்.

---

காபியை அவன் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பதிவு எடுக்கதுக்கு ஒரு விதி உண்டு. தனி அறையில மல்லாக்கப் படுக்கணும். நெஞ்சுல ஒரு பட்டி கட்டுவாங்க. பன்னிரண்டு நிமிசம் ஒண்ணையும் நினைக்காமக் கிடக்கணும். நான் படுக்கல."

"பின்ன?"

"பட்டியக் கட்டிட்டு அந்த ஆபரேட்டர் பையன் சாப்பிடப் போயிட்டான். ரெத்தினபாய் பிரசவ வார்டுக்கு ஓடிட்டா, அங்க ஒரு இரட்டைப் பிள்ளை. பதினாலு பேருக்கும் நான் ஒருத்திதான். அதுல ஒருத்தன் முப்பிடாதி பேபி, தாய் பேருதான் அது. இருபத்தேழு வாரம், எண்ணூத்தித் தொண்ணூறு கிராம். காபி குடுத்தும் நின்னுக்கிட்டே இருப்பான். அவனை விட்டுட்டு எங்க போய்ப் படுக்க? பட்டியோடயே அவன் பக்கத்துல நின்னேன். பன்னிரண்டு நிமிசத்துல நாலு தடவ நின்னான்."

கொம்பையா டம்ளரைக் கீழே வைத்தான்.

"அவனோட நானும் பிடிச்சுக்கிட்டேன். முதல் தடவ ஒம்பதுல சுண்டுனேன். ரெண்டாவது பதினாலு. மூணாவது அவனாவே எடுத்தான், பதினொண்ணுல. கடைசி, ரெண்டு தடவ சுண்டியும் எடுக்கல. பதினேழுல எடுத்தான். அந்தப் பெரிய மூச்சு உங்களுக்கு வருதுல்லா, நின்னு முடிஞ்சதும்? அது எனக்கு அவன் திரும்பி வந்துட்டான்னு வந்த மூச்சு."

"அந்தப் பிள்ளை இப்ப எங்க?"

"மறுநாள் எனக்கு லீவு. வந்து பாத்தா கட்டில் காலி."

தெருவில் காய்கறி வண்டி ஒன்று கூவிக்கொண்டே போனது.

"தாய் அவனப் பாக்கவே இல்ல. அவளுக்கு நினைவு திரும்ப ஒம்பது நாளாச்சு. பேரும் வைக்கல. எங்க பதிவேட்டுல முப்பிடாதி பேபிதான். ஆபரேட்டர் பையன் படுத்துதானே எடுத்தீங்கன்னு கேட்டான். ஆமான்னு கையெழுத்துப் போட்டேன். இல்லன்னா திரும்பவும் பன்னிரண்டு நிமிசம் கேப்பான். அதே பதிவ ஒம்பது வருசம் ஓட்டுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்புறம் தெரிஞ்சுதா?"

"ரெண்டு வயசுல உங்களையெல்லாம் சோதனைக்குக் கூட்டிட்டு வருவாங்க. வரிசையா உக்காந்திருப்பீங்க. ஒருத்தன் நிறுத்துவான், இழுப்பான். அந்தப் பக்கம் ஒருத்தி நிறுத்துவா. நல்லா விளையாடுனீங்க, நல்லா தின்னீங்க. நான் வாயத் திறக்கல."

அதற்கு மேல் ஒன்று இருந்தது. அதையும் சொன்னாள்.

"ரிட்டயராயி இந்த எட்டு வருசமா மார்க்கெட்டுல, பேங்க் வரிசையில, எங்கயாவது யாராவது மூச்சப் பிடிச்சு இழுக்கிறது கேக்கும். திரும்பிப் பாக்கமாட்டேன். முப்பிடாதி பிள்ள போறான்னு நினைச்சுக்கிடுவேன்."

கொம்பையா தன் நெஞ்சில் கையை வைத்தான். வைத்தது அவனுக்கே தெரியவில்லை.

"சரி பண்ண வேண்டாம்னு தோணுது சிஸ்டர்."

"பஸ் ஓட்டணும்லா?"

"ஓட்டணும்."

"வீட்டுல எத்தன பேரு?"

"நான், அவ, மூணு வயசுப் பிள்ள."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை விசாரணை இருந்தது. இது நோய் என்று எழுதிவிட்டால் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் ஆயுசுக்கும் ஓட்டுநர் உரிமம் கிடையாது. கிரேன், லிஃப்ட், கத்தி பிடிக்கிற மருத்துவ வேலை, எதுவும் கிடையாது. பதிவில்தான் தவறு என்று கொடுத்தவரே வந்து சொன்னால் இது பழக்கம். பழக்கத்தை மாற்றலாம். மூன்று வாரம் ஒரு மையத்தில் தூங்க வேண்டும். சீரான மூச்சு ஒன்றை ஊட்டி, பழையதை மறக்கச் செய்வார்கள்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்" என்றான் கொம்பையா. அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

---

விசாரணை நடந்த அலுவலகத்தில் நீளமான ஒரு நடை இருந்தது. சுவரோரம் பெஞ்சுகள். முப்பது பேர் வந்திருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், மயக்க மருந்து படித்த ஒரு பெண், ஒரு தீயணைப்புக்காரர், இன்னும் பலர். ஒருவரை ஒருவர் தெரியாது. எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞானப்பூ கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இங்கே ஒரு மூச்சு நின்றது. இரண்டு ஆள் தள்ளி ஒன்று. ஒன்று திரும்பியது. ஓரத்தில் ஒன்று நின்றது, அது நீளம், கடைசியாக வருவது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எந்தக் கட்டிலில் யார் என்று அவளுக்குத் தெரிந்தது. விரல் தானாக மடங்கிக் கட்டை விரலோடு சேர்ந்தது. ரெத்தினபாய் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். அவள் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

பேரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்க மனம் வரவில்லை. கொம்பையாதான் வந்து தோளைத் தொட்டான்.

உள்ளே டாக்டர் நிலோஃபர் இருந்தாள். சென்னையிலிருந்து வந்தவள், நாற்பது வயதிருக்கும். மரியாதையாகப் பேசினாள்.

"பதிவு எடுக்கும்போது படுத்திருந்தீங்களா சிஸ்டர்?"

"இல்ல. வார்டுல நின்னுக்கிட்டிருந்தேன்."

"படுத்திருந்ததா கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"ஆமா. அது பொய்."

"நடுவுல மூச்சை நிறுத்தினது?"

"நான்தான். வேணும்னேதான். ஒரு பிள்ளைக்கு நின்னுச்சு, அதுக்காக."

நிலோஃபர் எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"முதல்ல பயந்து சொல்லல. அப்புறம் பயம் போயிட்டு."

"பயம் போன பிறகு?"

"டாக்டரம்மா, அதை எழுதுவீங்களா?"

நிலோஃபர் கொஞ்சம் யோசித்துப் பேனாவை மூடினாள். "எழுதல."

"எழுதலன்னாலும் சொல்லல. மன்னிச்சுக்கிடுங்க."

நிலோஃபர் சிரித்தாள். அறிக்கையைத் திருப்பி அவள் முன்னால் வைத்தாள். "மூலப் பதிவையும் அழிச்சிடுவோம் சிஸ்டர். தப்பித்தவறி வேற எந்த மெஷினுக்கும் போயிடக் கூடாது இல்லையா?"

"ஒரு தடவ கேக்கலாமா?"

"அது சத்தம் இல்ல. வெறும் கோடு."

திரையைத் திருப்பிக் காட்டினாள். ஏறி இறங்கிப் போகிற ஒரு கோடு. நான்கு இடத்தில் தட்டையாகக் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு பெரிய ஏற்றம். ஞானப்பூ கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். கடைசித் தட்டையின் நடுவில் இரண்டு சின்ன நடுக்கம் தெரிந்தது. சுண்டிய இடம்.

"பாத்துட்டேன்" என்றாள்.

கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தபோது நடையில் இருந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். மயக்க மருந்து படித்த பெண் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. தீயணைப்புக்காரர் மட்டும், "ஏம்மா, நீங்க கொட்டாவி விட்டிருந்தா நாங்க எல்லாரும் கொட்டாவி விட்டுக்கிட்டிருப்போமா?" என்று கேட்டார். நடை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் அங்கங்கே மூச்சு நின்றது.

---

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் கொம்பையா வந்தான். தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கையில் பழப் பை.

பஸ் மறுபடி கிடைத்துவிட்டது. அதே தடம். ஒரு தடவைகூட ஓரங்கட்டவில்லை. மூன்று வாரம் தூங்கி எழுந்ததில் இரண்டு கிலோ கூடிவிட்டான் என்றான். ஞானப்பூ கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக வந்தது, சீராகப் போனது. எங்கும் நிற்கவில்லை. மூன்று நிமிடம், ஆறு நிமிடம், ஒன்பது நிமிடம் கேட்டாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

"பிள்ளையக் கீழ போடுங்க. தோள் வலிக்கும்."

பாயில் படுக்கவைத்தான். பிள்ளை புரண்டு, வாயைச் சப்புக்கொட்டி, மறுபடி அயர்ந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு நின்றது.

ஞானப்பூ பாயருகே உட்கார்ந்தாள்.

"இவளும் குறைமாசமா?"

"இல்ல சிஸ்டர். நாள் நிறைஞ்சு பொறந்தவ. மூணே கால் கிலோ. மெஷின் பக்கமே போகல." அவன் குரலைத் தாழ்த்தினான். "என் வீட்டுக்காரிக்குப் பிரசவத்துல உடம்பு முடியாமப் போச்சு. கைப்பிள்ளையில ஒரு வருசம் இவ என் நெஞ்சு மேலதான் கிடந்தா."

பிள்ளை நெஞ்சு நிறைய இழுத்தது. சீராக விடத் தொடங்கியது.

"மையத்துல ஒரு படிவம் குடுத்தாங்க" என்றான் கொம்பையா. "வீட்டுல வேற யாருக்கும் இது உண்டான்னு கேட்டிருந்துச்சு. உண்டுன்னா கூட்டிட்டு வரணும். சின்னப் பிள்ளைன்னா ஒரே வாரத்துல சரியாயிருமாம்."

"என்ன போட்டீங்க?"

அவன் பிள்ளையின் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினான். அது போய்விட்டு மறுபடி வந்தது. மறுபடி விரட்டினான்.

"இல்லன்னு போட்டேன். இவ பெருசானா இவளே முடிவு பண்ணட்டும். தப்பா சிஸ்டர்?"

மூன்று நிமிடம் ஆகியிருந்தது. பிள்ளையின் நெஞ்சு மறுபடி நின்றது. ஞானப்பூவும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது திரும்பி வரக் காத்திருந்தாள்.